இரண்டு சிவப்பு

கடலை எண்ணெய் வந்த ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் அது. எத்தனை முறை கழுவினாலும் அதன் வாயில் லேசாக எண்ணெய் வாசனை இருந்துகொண்டே இருக்கும். அதில் தண்ணீர் நிரப்பி, காரின் பின்பக்கத்தில், அக்காவின் துணிப் பைக்கும் ஆஸ்பத்திரிப் பைக்கும் நடுவில் சாயாமல் நிற்கும்படி செருகி வைப்பேன். நகரியிலிருந்து திருப்பதி போகிற வழி முழுக்க, மேடு பள்ளம் வரும்போதெல்லாம் அது களக் களக் என்று சத்தம் போடும். பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் அக்கா அதைக் கேட்டுக்கொண்டே வருவாள். ஒருநாள் புத்தூர் தாண்டியதும், பொறுக்க முடியாமல் சொன்னாள்: "நான் ஒரு டம்ளர் தண்ணி கேட்டா டாக்டர் சொன்னாரு, நர்ஸ் சொன்னாங்கன்னு வாய மூடுறீங்க. இந்தக் கழுதைக்கு மட்டும் கேன் கேனா ஊத்திக்கினு இருக்கற. அடுத்த ஜென்மத்துல நானும் காரா பொறக்குறேன்டா."

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாமல் போயிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும். முதலில் கால் வீங்கும், பிறகு முகம், அதற்கும் மேலே போனால் நெஞ்சில் ஏறி மூச்சு முட்டும். குறித்த நாளில், குறித்த நேரத்தில் மெஷினில் படுத்தாக வேண்டும். உள்ளே போன தண்ணீர் வெளியே வராத அக்கா ஒருபக்கம். உள்ளே ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்றே தெரியாத கார் இன்னொரு பக்கம். இப்படிச் சேர்த்து நினைக்க எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. அக்கா அன்றைக்கே நினைத்துச் சிரித்துவிட்டாள். எனக்கு அப்போது எரிச்சல் மட்டும்தான் வந்தது.

நான் பவர்லூம் ஓட்டுகிறவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்கு வந்தவன். இயல்பிலேயே பயந்த சுபாவம். தறி ஓடும்போது சத்தம் கொஞ்சம் மாறினாலும் உடனே நிறுத்திவிடுவேன்; ஒரு இழை அறுந்தால் புடவையே கெட்டுப் போனது போல ஓடுவேன். மாமா தவறிய பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்ட அக்கா, தறிக்குத் தேவையான நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தருவாள். தார் சுற்றுவது என்போம். உடம்பு படுத்தபிறகும் உட்கார்ந்தபடி அதைச் செய்துகொண்டிருந்தாள். நான் பதறும் ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்காமலே, "ஆரம்பிச்சிட்டான்டா சாமி" என்பாள்.

முதலில் பஸ்ஸில்தான் போய் வந்தோம். திரும்பி வரும்போது அக்கா ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்கத் தூங்கி வருவதைப் பார்க்க முடியவில்லை. சித்தூரில் பழைய கார் விற்கிற ஒருவரிடம் போய் ஒரு சின்ன கார் வாங்கினேன். கண்ணாடி போலத் துடைத்து நிறுத்தியிருந்தார். நான் எல்லாக் கதவையும் திறந்து மூடி, ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்து, அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் அவர் அலுத்துப்போய், "டென்ஷன் வத்து அண்ணா" என்றார். டென்ஷன் வேண்டாமாம். அந்த ஒன்றை மட்டும் அவர் காரோடு சேர்த்து எனக்குக் கொடுத்தனுப்பினார் என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது.

டேஷ்போர்டில் சூடு காட்டுகிற முள் ஒன்று இருக்கிறது. அது நடுவில் நிற்க வேண்டும். வடமாலப்பேட்டை நெருங்கும்போது அது மெல்ல மேலே ஏறும். நான் ரோட்டைப் பார்ப்பதைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம். ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர் இருக்கும் டப்பாவைப் பார்த்தால் அடி மட்டத்துக்குப் போயிருக்கும். கேனைத் திறந்து ஊற்றுவேன். முள் இறங்கும். வீட்டுக்கு வந்து மறுநாள் பார்த்தால் மறுபடி குறைந்திருக்கும். கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். பைப், ரேடியேட்டர், மூடி, எல்லாம் காய்ந்து சுத்தமாக இருக்கும். எங்கே போயிற்று? ஆவியாகப் போனதா? யாராவது எடுத்துக் குடித்தார்களா?

நகரியில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் தெலுங்குக்காரர். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார். என்னைவிடச் சின்னவர், என் முகத்தைப் பார்த்தாலே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். முதல் நாளே பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "காரு காருதா உந்தி" என்றார். தெலுங்கில் காருவது என்றால் ஒழுகுவது. கார் ஒழுகுகிறது என்று சொன்னதோடு விடாமல், "அதுக்குப் பேரே காரு அண்ணா. காராம இன்னா பண்ணும்?" என்று தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் செய்த முதல் வேலை, உள்ளே இருந்த பழைய தண்ணீரை எல்லாம் இறக்கிவிட்டு, புதிதாகக் கூலண்ட் ஊற்றியது. பச்சையும் இருந்தது, சிவப்பும் இருந்தது. சிவப்பு பாட்டிலை எடுத்துக் காட்டி, "இது போட்டா பளிச்சுனு தெரியும் அண்ணா. எங்க ஒரு சொட்டு உழுந்தாலும் செவப்பா காட்டிக் குடுத்துடும்" என்றார். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது; கேனிலும் அதையே கலந்து வைத்துக்கொண்டேன். சிவப்பைத் தேடுவது சுலபம்தானே?

இங்கே எங்கள் வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவைவிட வீடு உயரம் என்பதால் கார் ஏற ஒரு சிமெண்ட் சாய்வு போட்டிருக்கிறோம். காலையில் கிளம்பும் அவசரத்தில் ரிவர்ஸ் எடுக்க எனக்குப் பயம். அதனால் வந்ததும் பின்பக்கமாக ஏற்றி, மூக்கு தெருவைப் பார்க்க நிறுத்திவிடுவேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான் காரை நிறுத்தியதும், அக்கா உள்ளே போகமாட்டாள். என் மனைவி தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து எடுத்து வர வேண்டும். அக்கா தானே அந்தத் தட்டை வாங்கி, காருக்கு மூன்று சுற்றுச் சுற்றி, முன் சக்கரங்களுக்கு நடுவே தரையில் ஊற்றுவாள். மெஷினில் படுத்து எழுந்து, நிற்கவே தெம்பில்லாமல் ஒரு கையால் பானெட்டைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவாள். நான் கத்துவேன். "போக சொல்லோ சுத்தறது இல்லடா, வந்ததுக்குத்தான் சுத்தணும். எத்தனி கண்ணு பட்டுக்கினு வந்திருக்குதோ" என்பாள். அந்தக் காரில் கண் படுவதற்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

விடியற்காலையில் மனைவி வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிடுவாள். நான் எழுந்து வரும்போது வாசல் பளிச்சென்று இருக்கும். அவளுக்கு முன்பே நான் எழுந்து வந்துவிட்ட நாளில் பார்த்தால், காருக்கு முன்னால் சிவப்பாக ஈரம் இருக்கும். அக்கா ஊற்றிய ஆரத்தி. மிதிக்காமல் தாண்டிப் போய், காருக்கு அடியில் தலையை விட்டுச் சிவப்பைத் தேடுவேன்.

மெக்கானிக் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினார். ரேடியேட்டர் மூடி மாறியது. மேல் பைப் மாறியது, பிறகு கீழ்ப் பைப். அவர் கடையின் சமதளமான தரையில் காரை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு சொட்டு விழாது. நோயாளி டாக்டர் முன்னால் நல்லபடியாக உட்கார்ந்திருப்பது போல அது அங்கே சாதுவாக நிற்கும். "உன் பயத்துலயே தண்ணி வத்திப் போகுதோ இன்னாவோ" என்றார் ஒருநாள். யாரோ சொன்னார்கள் என்று, பழைய செய்தித்தாளைக் காருக்கு அடியில் விரித்து வைத்தேன். எங்கே சொட்டுகிறதோ அங்கே கறை படும். காலையில் போய்ப் பார்த்தால் பேப்பர் இல்லை. அக்கா சுருட்டிக் குப்பையில் போட்டிருந்தாள். "வெள்ளிக்கெழம அதுவுமா வாசல்ல குப்பையப் பரப்பி வெச்சா லட்சுமி எப்புட்றா உள்ள வருவா?" அந்தப் பேப்பரில் சிவப்பு இருந்ததா என்று கேட்டேன். "ஆரத்தி ஊத்தினா செவப்பா இல்லாம நீலமாவா இருக்கும்?" என்றாள்.

திருப்பதியில், அக்கா மெஷினில் இருக்கும் நேரத்தில், ஒரு பெரிய ஷெட்டில் கொண்டுபோய்க் காட்டினேன். வெளியே லீக் இல்லையென்றால் உள்ளே லீக், இன்ஜினைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்கிறார்கள். அத்தனை நாளும் அக்காவை எதில் கூட்டிப்போவது? திறக்கவும் பயம், திறக்காமல் ஓட்டவும் பயம். பயத்துக்கு நடுவில் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நான் பயந்ததெல்லாம் சேர்ந்து ஒருநாள் வந்தது. வெயில் காலம். ரோட்டில் ஒரு லாரி கவிழ்ந்து, நெடுநேரம் நகராமல் நின்றோம். முள் ஏறியது. கேனில் இருந்ததை எல்லாம் ஊற்றினேன், மறுபடி ஏறியது. வண்டி புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. ஆட்டோ கிடைத்து, அக்காவை அதில் ஏற்றிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய நேரம் முடிந்து, மெஷின் அடுத்தவருக்குப் போய்விட்டிருந்தது. அவர்களைச் சொல்லித் தப்பில்லை. அந்த அடுத்தவரும் எங்கேயிருந்தோ கால் வீங்க வந்து காத்திருந்தவர்தான். மறுபடி மெஷின் காலியாகும் வரை அக்கா வராந்தா பெஞ்சில், படுக்க முடியாமல், முன்னால் குனிந்து உட்கார்ந்தபடி மூச்சுக்காகப் போராடினாள். பேச முடியவில்லை. அப்படியும் ஒருமுறை நிமிர்ந்து, கையால் ஸ்டியரிங் திருப்புவது போலக் காட்டி, என்ன ஆயிற்று என்று கண்ணால் கேட்டாள். வண்டி எங்கே என்று கேட்கிறாள். எனக்கு அந்தக் காரை அப்படியே கொளுத்திவிடலாம் போல் இருந்தது.

அவளைச் சில நாள் அங்கேயே படுக்க வைக்க வேண்டும் என்றார்கள். என் மனைவி வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து துணைக்கு இருந்தாள். நான் மறுநாள், ரோட்டோரம் விட்டுவந்த காரில் தண்ணீரை ஊற்றி ஊற்றி, மாற்றுத் துணி எடுத்துவர நகரிக்கு வந்தேன். பழக்கத்தில் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தினேன். வீடு பூட்டிக் கிடந்தது. வாசல் தூசி படிந்து, கோலம் இல்லாமல், அழுக்கு வெள்ளையாக இருந்தது. உள்ளே போய் அக்காவின் புடவைகளை மடித்து எடுத்து, கொஞ்சம் பழையதைத் தின்றுவிட்டு வெளியே வந்தேன்.

காருக்கு முன்னால், முன் சக்கரங்களுக்கு நடுவே, சிவப்பாக ஈரம்.

என்னென்னவோ தோன்றியது. போனை எடுத்து மனைவிக்கு அடித்து, "இங்க யாரு ஆரத்தி ஊத்தினது?" என்று கேட்டேன்.

"உனுக்கு இன்னா ஆச்சு? நாங்க ரெண்டு பேரும் இங்க திருப்பதியில இருக்கறோம். அங்க யாரு ஊத்துவாங்க?"

பின்னால் அக்காவின் குரல், மெலிசாக: "இன்னாவாம் அவனுக்கு? ஆரம்பிச்சிட்டானா?"

அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. குனிந்து விரலால் தொட்டேன். ஆரத்தித் தண்ணீர் காய்ந்தால் மாவு மாதிரி விரலில் உதிரும். இது வழுவழுவென்று இருந்தது. முகர்ந்தால் மஞ்சள் வாசனை இல்லை. ஏதோ தித்திப்பாக ஒரு நாற்றம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பம்பரின் அடியிலிருந்து ஒரு சிவப்புச் சொட்டு திரண்டு, யோசித்து, விழுந்தது.

மெக்கானிக் பைக்கில் வந்து அடியில் படுத்தார். இன்ஜினுக்குக் கீழே சேறு அடிக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து மறைத்திருக்கிறார்கள். அதன் திருகுகளைக் கழற்றியதும், உள்ளே தேங்கியிருந்த சிவப்புத் தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது. மேலே இருந்து ஒழுகியதெல்லாம் அந்தத் தட்டில் நின்றிருக்கிறது. சமதளத்தில் நிறுத்தினால் அது தட்டிலேயே இருக்கும். எங்கள் வீட்டுச் சாய்வில் மூக்குக் கீழாக நிற்கும்போது மட்டும் முன்பக்கமாக வழிந்து, அக்கா ஊற்றுகிற அதே இடத்தில் சொட்டும். இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கியதும், பின்புறம், கை போகாத இடத்தில் ஒரு பைப்பிலிருந்து நூல் மாதிரி சீறியது. காருக்குள்ளே குளிருக்கு வெப்பக் காற்று கொடுக்கிற ஹீட்டருக்குப் போகிற பைப். "ஹீட்டரா?" என்றேன். நகரி வெயிலில், பிறந்ததிலிருந்து நான் போர்த்திக்கொண்ட போர்வைகளை எண்ணிவிடலாம். "அதான் அண்ணா யாரும் அந்தப் பக்கமே பாக்கல. இந்த ஊர்ல ஹீட்டர் இருக்குதுன்னு வண்டிக்கே மறந்து போயிருக்கும்" என்றார் அவர், சட்டையைப் பிழிந்தபடி. சின்ன ரப்பர் குழாய். அதை மாற்ற, நான் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்தான் பிடித்தது. இதற்காகவா இத்தனை மாதம்? கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு வரவேயில்லை. யார் மேலாவது பாய வேண்டும் போல இருந்தது.

அந்தக் கோபத்தோடுதான் திருப்பதிக்குப் போனேன். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முக வீக்கம் வடிந்திருந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். நீ ஊற்றின ஆரத்திதான் லீக்கை மறைத்தது, நீ தூக்கிப் போட்ட பேப்பரில்தான் அது இருந்தது, இதனால்தான் நீ மூச்சுக்குத் தவித்தாய் என்று குரல் ஏறிப் பேசிக்கொண்டே போனேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "மெக்கானிக்கு படிச்சானோ படிக்கலயோ, அவன விடு. நீ இன்னா வேலடா செய்யற?" என்றாள்.

"இன்னாக்கா இப்ப அது?"

"சொல்லு. இன்னா வேல?"

"தறி."

"அரக்கு வேற, மொளகாப்பழச் செவப்பு வேற, குங்குமச் செவப்பு வேறன்னு ஒரு இழ மாறிப் போச்சுன்னா என்னாண்ட எகிறிக்கினு வருவியே. பாதி இருட்டுல கூட கண்டுபுடிச்சிடுவியே. வாசல்ல கெடந்த செவப்பு எந்தச் செவப்புன்னு உனுக்குத் தெரியல. ஆரத்தி ஊத்தினது என் தப்பு."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உண்மைதான். நான் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தேனே தவிர, சிவப்பைப் பார்க்கவில்லை. பயம் எப்போதும் என்னைக் காருக்கு அடியில், இருட்டான இடத்துக்குத்தான் குனிய வைத்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, சமாதானமாக, "சரி போ. இனிமே பின்னாடி சக்கரத்தாண்ட ஊத்துறேன். முன்னாடி உன்னுது, பின்னாடி என்னுது" என்றாள். வீட்டுக்கு வந்த அன்றே அப்படியே செய்தாள். தட்டோடு மெல்ல நடந்து பின்பக்கம் போய் ஊற்றிவிட்டு, என்னைப் பார்த்து, "பாத்துக்க, இது மஞ்சள்" என்றாள்.

அக்கா போய் இப்போது இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைசியில் அவள் இதயம்தான் தாங்கவில்லை என்றார்கள். கார் இருக்கிறது, அதில் இப்போது புடவைக் கட்டுகள் போகின்றன. குழாய் மாற்றிய பிறகு அந்தக் கார் ஒருமுறையும் ரோட்டில் நின்றதில்லை, அவள் ஒருமுறையும் நேரம் தவறியதில்லை. இதை நான் பலரிடம் கேட்காமலே சொல்லியிருக்கிறேன். யாரும் அவள் போனதற்குக் காரே காரணம் என்று சொன்னதில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அவள் உடம்பில் இவ்வளவு இருக்கும்போது நான் ஒரு குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேனே என்று சில நாள் ஆத்திரமாக வரும். அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் எனக்கு நினைவு வருவது, குழாய் மாற்றிய பிறகு அவளைக் கூட்டிப்போன முதல் நாள்.

நம்பிக்கை இல்லாமல் வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே கிளம்பிவிட்டேன். புத்தூர் வந்தது, வடமாலப்பேட்டை வந்தது, முள் அசையவேயில்லை. நிறுத்தவேண்டிய இடங்களில் எல்லாம் நிறுத்தாமல் போனதில் எனக்குக் கை காலை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது வாட்ச்மேன் அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் பிரிவில் விளக்குகூடப் போடவில்லை. ஒரு வேப்பமரத்தின் கீழே நிறுத்தினேன். மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. திரும்பிப் பார்த்தால் அக்கா வாய் லேசாகத் திறந்து, முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்தியபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை பயணத்தில் போகும் வழியில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. என் பயத்துக்குக் காவலாக அவளும் விழித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. இறங்கிப் பானெட்டைத் திறக்கக் கை போயிற்று. சத்தம் கேட்டு எழுந்துவிடுவாளே என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவளாகவே திடுக்கென்று விழித்தாள்.

"நின்னுடுச்சா?"

"இல்லக்கா. வந்துட்டோம்."

"லேட்டா?"

"இன்னும் கதவே தெறக்கல."

அவள் கண்ணாடி வழியாக அந்தப் பூட்டிய கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப இன்னும் கொஞ்சம் தூங்கறேன்" என்று சொல்லி, மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.